காசு கட்டி வந்த கடிதம்

14 ஜனவரி 1823

அன்பு ஜெமிமா,

நானும் ஃபீபியும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக ஒரு வரி எழுதாததற்கு நீ எவ்வளவு திட்டினாலும் தகும். பேனாவை எடுப்பேன், முதல் வரிக்கு முன்பே கீழே வைத்துவிடுவேன். உன் அண்ணனை விட்டு நான் கிளம்பிய அன்று, பின்கதவின் தாழ்ப்பாளை ஓசைப்படாமல் நீக்கிய உன் கைதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் என்னைத் தேடட்டும். அந்தக் கதவைத் திறந்தது தன் தங்கைதான் என்று மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது. தினமும் இதைத்தான் ஜெபிக்கிறேன்.

இருக்கும் ஊரின் பெயரை எழுத மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உனக்கே தெரியாததை யாராலும் உன் வாயிலிருந்து பிடுங்க முடியாது. கடலோரக் கிராமம். வீட்டுக்கு வீடு பெண்கள் மீன்வலை பின்னுகிறார்கள். நானும் பின்னுகிறேன். சணல் கயிறு அறுத்து அறுத்து விரலெல்லாம் வெடிப்பு. இங்கே என் பெயர் ஹான், புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். அனுதாபப்பட்டு மத்தி மீன் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

குளிரில் விறைத்துப் புண்ணான ஃபீபியின் கால் விரல் இரண்டும் ஆறிவிட்டன. புதுத் தோல் வந்துவிட்டது. ஆனால் நிலக்கரிக் கிடங்கில் அவளை அவர் பூட்டிவைத்த பயம் மட்டும் போகவில்லை. எந்தக் கதவையும் மூட விடுவதில்லை. "மூடாதீங்கம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், மூடாதீங்க" என்று அழுகிறாள். ஜனவரி மாதத்தில் கடல் காற்று நேராகக் கட்டிலுக்கு வருகிறது. ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்ல முடியும்?

இப்போது ஒரு காரியம். இந்தக் கடிதத்தை இந்த ஊர்த் தபால் கடையில் போடவில்லை. வலை வியாபாரியின் வண்டிக்காரர் ஜோப், வாரம் ஒருமுறை டார்செஸ்டர் போகிறார். அங்கே போடச் சொல்லியிருக்கிறேன். நீ எழுதினால் ஹான் என்ற பெயருக்கு, டார்செஸ்டர் தபால் நிலையத்தில் வைத்திருக்கும்படி எழுது. ஜோப் வாங்கி வருவார். கடிதம் கைக்கு வந்ததும் மடிப்பின் வெளிப்பக்கத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார். டார்செஸ்டர் என்ற முத்திரை, அதன் கீழே லண்டனிலிருந்து எத்தனை மைல் என்ற எண், முன்பக்கம் கட்டணம். இவ்வளவுதான் இருக்க வேண்டும். வேறு ஒரு புள்ளி இருந்தாலும் எனக்குச் சொல்.

வாங்குகிறவள் தலையில் செலவை ஏற்ற மனம் வரவில்லை. கட்டணத்தை இங்கேயே கட்டச் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணி,
டமாரிஸ்


லட்லோ, 21 ஜனவரி 1823

அன்பு அண்ணிக்கு,

முதலில் சண்டை, அப்புறம் பாசம்.

பர்டோ அம்மாள் கையுறை தைத்துக் கொண்டுவருகிற மூட்டைக்குள் வைத்து உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தார். முகம் முழுக்கக் கோபம். "ஏம்மா, உங்க அண்ணிக்கு நான் என்ன தர்மச் சோறு திங்கிறவளா? காசு கட்டி அனுப்பியிருக்காங்க! தபால்காரன் வாசல்ல நின்னுக்கிட்டு, 'பர்டோ பாட்டிக்கு இன்னைக்கு ஓசிக் கடிதம்'னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறான். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பாக்குறா" என்றார். அந்த அம்மாளின் பெயருக்குத்தான் நீங்கள் எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தபோது இந்த ரோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் சொல்வதும் நியாயம்தானே. ஊர் உலகத்தில் எல்லாரும் வாங்கும்போதுதான் காசு கொடுக்கிறார்கள். கறுப்பு மையில் எண் எழுதிய நூறு கடிதத்துக்கு நடுவில் உங்கள் கடிதம் மட்டும் சிவப்பு மையில் பல்லை இளித்துக்கொண்டு வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? அப்பா காலத்திலிருந்தே சமமானவர்களுக்கு எழுதும்போது காசு கட்டுவதில்லை. அண்ணன் தன்னிடம் கூலிக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கிறவர்களுக்கு எழுதும்போது மட்டும்தான் கட்டுவார். ஆகையால் இனிமேல் கட்டாதீர்கள். நானும் கட்ட மாட்டேன். உங்கள் நாத்தனார் பெயரில் என்றைக்காவது காசு கட்டிய கடிதம் வந்தால், எழுதியது அவள் இல்லை, அவள் கழுத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். டார்செஸ்டர், மைல் எண், கட்டணம். வேறு எதுவும் இல்லை.

அண்ணனைப் பற்றி என்ன எழுத? கத்தினால்கூடத் தேவலை. ஊர் ஊராக நிலம் அளக்கப் போகிற மனிதர், நவம்பரிலிருந்து ஒரு வேலையும் ஒத்துக்கொள்ளாமல் வீட்டோடு இருக்கிறார். சாப்பாட்டு மேசையில் ஃபீபியின் தட்டை வைக்கச் சொல்கிறார். தினமும். அந்த வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். நேற்று வக்கீல் வந்திருந்தார். "பிள்ளை தகப்பனுக்குச் சொந்தம். எங்க இருந்தாலும் போயித் தூக்கிட்டு வரலாம். தாய் வாசல்ல நின்னு பாக்கிறதுக்குக்கூட உங்க அனுமதி வேணும்" என்று அவர் சொல்ல, அண்ணன், "அது தெரியும். எங்கன்னுதான் தெரியணும்" என்றார். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஃபீபிக்கு அத்தையின் முத்தம். கதவைத் திறந்தே வையுங்கள், நான் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்,
ஜெமிமா


8 பிப்ரவரி 1823

அன்பு ஜெமிமா,

இதற்கு முன் நான் எழுதிய கடிதம் வந்ததா? வந்திருந்தால் படித்தாயோ இல்லையோ, உடனே அடுப்பில் போடு. வரவில்லை என்றால் பர்டோ அம்மாளை வாசலிலேயே உட்காரச் சொல். வேறு யார் கையிலும் அது போகக் கூடாது.

நடந்தது இதுதான். ஜோப்பின் வண்டி அச்சு முறிந்துவிட்டது. டார்செஸ்டர் போக முடியாது. மனுஷன் நல்லது செய்வதாக நினைத்து, கடிதத்தை எங்கள் கிராமத்துத் தபால் கடையிலேயே கொடுத்துவிட்டார். "எங்க போட்டா என்னம்மா, எல்லாம் ஒரே ராஜா தபால்தானே" என்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஏன் அவ்வளவு தூரம் கொண்டுபோகச் சொல்கிறேன் என்று நான் சொன்னதில்லையே.

அந்தக் கடைக்காரப் பெண்மணி வாங்கும் ஒவ்வொரு கடிதத்திலும் சின்னதாக ஒரு கட்டம் போட்ட எண்ணைக் குத்துகிறாள். ஒரு பென்னிக்குக் கடிதத்தை நகரத்துக்குக் கொண்டுபோகிற பென்னித் தபாலில், பக்கத்து நகரத்தோடு சேர்ந்த கிராமங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கிராமம் நான்கு. என் கடிதத்தில் "எண் 4" என்று குத்தியிருக்கிறாள். அதற்குமேல் நகரத்தின் முத்திரையும் விழுந்திருக்கும். நகரத்தின் பெயரும் எண் நான்கும் ஒன்றாகக் கிடைத்தால், என் வாசலில் வந்து கதவைத் தட்டுவது ஒன்றுதான் பாக்கி.

தூக்கமே இல்லை. சக்கரச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னல் இடுக்கில் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தை வேறொரு வண்டிக்காரரிடம் டார்செஸ்டருக்கே கொடுத்தனுப்புகிறேன்.

டமாரிஸ்


லட்லோ, 17 பிப்ரவரி 1823

அன்பு அண்ணிக்கு,

அடுப்பில் போட்டுவிட்டேன். ஆனால் அதற்கு முன்பே நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. பதறாமல் படியுங்கள்.

பர்டோ அம்மாளுக்குக் காய்ச்சல். பியூட்லியில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், உங்கள் அடுத்த கடிதம் வருவதற்குள்தான் திரும்பினார். காலைச் சாப்பாட்டு நேரம். தபால்காரர் நம் வாசலில் வந்து நிற்கிறார். அண்ணனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, "பர்டோ பாட்டி ஊர்ல இல்லீங்க. அவங்க கடிதத்துக்கு இனிமே உங்க தங்கச்சிதான் காசு குடுப்பாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க, அதான் நேரா இங்கயே கொண்டாந்துட்டேன்" என்று சிரிக்கிறார். என்னவோ பேருதவி செய்துவிட்டதாக அவர் முகத்தில் பெருமை.

அண்ணன் பத்து பென்ஸை எண்ணிக் கொடுத்தார். கடிதத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முட்டை ஆறிப்போயிற்று. வெளிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகவரி யாரோ பழக்கமில்லாத கையில் எழுதியிருந்தது, அந்த மட்டும் புண்ணியம். பிரிக்கவே இல்லை அண்ணி. பிரித்துப் படித்து என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு இந்தப் பயம் வந்திருக்காது. என் தட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார்.

"பத்து பென்ஸ்" என்றார். "பர்டோ கிழவிக்கு அவ்வளவு தூரத்துல யாரு?"

"தெரியலையேண்ணா."

"தெரியாமத்தான் காசு குடுக்கிறியா?"

"பாவம்னு குடுக்கிறேன்."

"நல்ல மனசு உனக்கு" என்று சொல்லிவிட்டு ஆறின முட்டையைச் சாப்பிட்டார்.

மறுநாள் மேசைமேல் இங்கிலாந்து வரைபடம். கவராயத்தின் ஒரு காலை லட்லோவில் ஊன்றி இரண்டு வட்டம் போட்டிருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஒத்தைக் காகிதத்துக்குப் பத்து பென்ஸ்னா நூத்தி இருபது மைலுக்கு மேல, நூத்தி எழுபதுக்குள்ள. இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எங்கியோ இருந்துதான் அந்தக் கிழவிக்கு யாரோ எழுதுறாங்க. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன்." அந்த வளையத்துக்குள் நிறைய கடல் இருந்தது, வேல்ஸ் பக்கமும் தெற்குப் பக்கமும். அவர் விரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரே ஆறுதல், நகரத்து முத்திரையில் மை தீர்ந்து வெறும் கறைதான் விழுந்திருந்தது. நானும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எரித்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கட்டமும் நான்கும் பளிச்சென்று இருந்தன.

அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். இப்போது தெரிந்துகொள்கிறார். தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தெல்லாம் பழைய கடிதங்களை வாங்கிவந்து, கருவாடு காயப்போட்ட மாதிரி சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். ஃபீபியின் தட்டு வைக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு. பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து எனக்குப் பாடம் வேறு. "இங்க பாரு ஜெமிமா, இது தப்பான ஊருக்குப் போயித் திரும்பினது. இது கப்பல்ல வந்தது. இது வண்டி போனப்புறம் போட்டது. ஒரு காகிதம் எங்கெங்க சுத்திச்சுன்னு அது முதுகுலயே எழுதியிருக்கு. மனுஷங்களுக்கும் இப்படி இருந்தா எவ்வளவு வசதி!"

நேற்று வேல்ஸ் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில் கட்டம் போட்ட எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார். அன்று மாலை முழுவதும் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

பயமாக இருக்கிறது அண்ணி. ஒளித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள்,
ஜெமிமா


3 மார்ச் 1823

அன்பு ஜெமிமா,

உன் கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.

எண் நான்கு என்பது ஒவ்வொரு நகரத்துப் பென்னித் தபாலிலும் ஒன்று இருக்கும். எந்த நகரத்து நான்கு என்று தெரியாதவரை அவர் கையில் இருப்பது பாதிச் சாவிதான். இதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். ஆனால் உன் அண்ணன் அரைகுறையாக எதையும் விடுகிற ஆளா? வேலி ஓரத்து ஒரு சாண் நிலத்துக்காக மூன்று நாள் மழையில் நின்று அளந்தவர்.

போன வாரம் நெடுஞ்சாலையில் இரண்டு பேர் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு வந்தார்கள். ஃபீபி வாசலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவள், அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டதும் கூப்பிடக்கூட இல்லை, வலைக் குவியலுக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டாள். "அப்பா சங்கிலி... அப்பா சங்கிலி" என்று முனகுகிறாள். சாலை வரிக்காரர்கள் மைல்கல் நடுவதற்காக அளக்கிறார்களாம். எனக்கும் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. வலைக்குள்ளிருந்து அவளை வெளியே எடுக்க வெகுநேரம் ஆயிற்று. கை கால் எல்லாம் முடிச்சு முடிச்சாகச் சிக்கியிருந்தது, கடைசியில் பின்னின வலையைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஜோப்பின் அக்கா குடும்பம் கடல் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து போகிறது. அங்கே மீன்பிடிக் கரையில் வலை சீர்படுத்த ஆள் வேண்டுமாம். எனக்கும் பிள்ளைக்கும் இடம் தருகிறார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி வியாழக்கிழமை கப்பல். எந்தத் துறைமுகம் என்று எழுத மாட்டேன். போனால் திரும்பி வருவது நடக்காத காரியம். அங்கிருந்து உனக்கு ஒரு கடிதம் வந்தால்கூடக் கப்பல் முத்திரையோடுதான் வரும், அதை அவர் பார்த்துவிடுவார். ஆகவே கடிதமும் கிடையாது.

நீயும் வந்துவிடு ஜெமிமா. மூன்று பேருக்கு இடம் கேட்கிறேன். நீ வரவில்லை என்றால் எனக்குப் போக மனமில்லை. போகாமல் இருக்கவும் தைரியமில்லை. நீ சொல்வதுபோல் செய்கிறேன்.

டமாரிஸ்


லட்லோ, 12 மார்ச் 1823

அன்பு அண்ணிக்கு,

போங்கள்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் என்னோடு சிரித்தவர் நீங்கள் ஒருவர்தான். கடலுக்கு அப்பால் போகிறேன் என்று எழுதுகிறீர்கள். "போகாதீங்க அண்ணி" என்று காலைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அண்ணன் இரண்டு வளையத்துக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு நகரத்துக்கும், தனக்குத் தெரிந்த நில அளவைக்காரர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். "உங்கள் ஊர்ப் பென்னித் தபாலில் நான்காம் எண் எந்தக் கிராமம்? அங்கே புதிதாக ஒரு பெண்ணும் பிள்ளையும் வந்திருக்கிறார்களா?" பதில்கள் வருகின்றன. இல்லை என்று பதில் வந்த ஊரை வரைபடத்தில் குறுக்கே கோடு போட்டு அடிக்கிறார். அடிக்காத ஊர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே போங்கள்.

நான் வர முடியாது. கோயிலுக்குப் போனாலும் என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு போகிறார், பார்க்கிறவர்களுக்கு என்னே பாசம் என்று இருக்கும். சாவிக்கொத்து அவர் இடுப்பில். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் இந்த வீட்டில் இல்லாமல் போனால் போதும். நான் தொப்பியைக்கூட எடுக்க மாட்டேன், நேராகப் பியூட்லிக்குப் போய், பர்டோ அம்மாளின் தங்கையோடு உட்கார்ந்து கையுறை தைத்துப் பிழைத்துக்கொள்வேன். அவர்தான் வீட்டைவிட்டு அசைய மாட்டேன் என்கிறாரே!

இந்தக் கடிதத்தை பர்டோ அம்மாள் மூட்டைக்குள் வைத்து அனுப்புகிறேன். அவருக்கும் பயம் வந்துவிட்டது. இன்று அண்ணன் வாசலில் அவரை நிறுத்தி, "உடம்பு தேவலையா பாட்டி? உறவுக்காரங்க எல்லாரும் சவுக்கியமா? எந்த ஊர்னு சொன்னீங்க?" என்று கேட்டாராம். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்ததாகச் சொன்னார்.

ஃபீபிக்குப் பின்னின கம்பளி முடிந்துவிட்டது. அனுப்ப வழியில்லை. நானே போர்த்திக்கொள்கிறேன்.

உங்கள்,
ஜெமிமா


லட்லோ, 27 மார்ச் 1823

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

துக்கச் செய்தி எழுத நேர்ந்ததற்காக வருந்துகிறேன். என் அண்ணன் ஆம்புரோஸ் விக்கரி அவர்கள் கடுமையான காய்ச்சலால் இம்மாதம் இருபத்து இரண்டாம் தேதி காலமானார்கள். திங்கட்கிழமை அடக்கம் நடந்தது. கடைசி நேரத்தில் தங்களையும் குழந்தையையும் நினைத்து மிகவும் மனம் வருந்தினார்கள். தாங்கள் மன்னித்துவிட்டதாகக் கேட்டுச் சாக வேண்டும் என்று விரும்பினார்கள்.

இனி அஞ்சுவதற்கு எதுவும் இல்லை. வீடும் நிலமும் குழந்தைக்கு வந்து சேருகின்றன. அதற்குக் குழந்தையை வக்கீல் முன்னால் நேரில் காட்ட வேண்டும். அவ்வளவு தூரம் தாங்கள் தனியே வருவது கஷ்டம் என்பதால், குளோஸ்டரில் கோச்சு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள விடுதியில் நான் வண்டியுடன் காத்திருக்கிறேன். எந்த நாள் வருகிறீர்கள் என்று உடனே நேராக வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். பர்டோ அம்மாள் இப்போது நம் வீட்டுக்கு வருவதில்லை.

தங்கள் நிலைமை அறிந்து தபால் கட்டணத்தை இங்கேயே கட்டிவிட்டேன். கையில் காசில்லாமல் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று கவலையாக இருந்தது.

குழந்தையை மறக்காமல் உடன் அழைத்து வரவும்.

தங்கள் பணிவுள்ள நாத்தனார்,
ஜெமிமா விக்கரி


3 ஏப்ரல் 1823

அன்பு ஜெமிமா,

உன் கடிதம் கிடைத்தது. கறுப்பு அரக்கு, லட்லோ முத்திரை, சிவப்பு மையில் கட்டணம், உன் கையெழுத்து. எல்லாம் முறைப்படி இருந்தது. வெளிப்பக்கத்தைப் பார்த்தவுடனேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரிப்பதற்கு முன்பே உனக்காக அழுதுவிட்டேன். இந்த வரிகளை எழுதும்போது நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இவ்வளவு துக்கத்திலும் என்னை நினைத்து நீ செய்ததற்கு எந்த ஜென்மத்தில் கைம்மாறு செய்வேன்?

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. சொல்லவில்லை. ஃபீபியிடம் மட்டும் சொன்னேன், அப்பா இனிமேல் வர மாட்டார் என்று. அவள் அழுவாள் என்று மடியில் உட்காரவைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவாம்மா? எங்கியும் வர மாட்டாரா? அப்போ கதவ மூடிக்கலாமா?" என்றாள். மடியிலிருந்து இறங்கிப் போய், கால்விரல் நுனியில் எக்கி நின்று, அவளே கதவை மூடினாள். பிறகு திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள். ஒரு தகப்பனின் மரணத்தில் பிள்ளை இப்படிச் சந்தோஷப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அவருக்காக என்னால் அழ முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

நீ சொன்னபடியே குளோஸ்டர் வருகிறேன். ஏப்ரல் பத்தாம் தேதி, வியாழக்கிழமை. சரியாக எந்த நேரம் என்று சொல்ல முடியாது, எந்த வண்டியில் இடம் கிடைக்குமோ. ஆகையால் வண்டியை அன்று காலையிலிருந்து இருட்டும்வரை விடுதி வாசலிலேயே நிறுத்திவைக்கச் சொல். நாங்கள் வராமல் போனால் மறுநாளும் காத்திருக்கச் சொல்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீ வராதே. இந்தக் குளிர் காற்றில் அவ்வளவு தூரம் வண்டியில் வந்தால் உன் இருமல் திரும்பிவிடும். நம்பிக்கையான வேறு ஆளை அனுப்பு. நோயாளியோடு அந்த வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவள் நீ. வியாழக்கிழமை அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அந்த ஒரு நாளை உனக்கென்று வைத்துக்கொள்.

நாம் சந்திக்கும்போது பேச நிறைய இருக்கிறது என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை. உன்னோடு அந்த வீட்டில் சிரித்த சிரிப்பு எனக்குப் போதும், அதை எங்கே போனாலும் எடுத்துக்கொண்டுதான் போவேன். கம்பளியை நீயே போர்த்திக்கொள்.

துக்கம் நடந்த வீட்டில் செலவு வைக்கக் கூடாது என்று இந்தக் கடிதத்துக்கு நானே காசு கட்டிவிட்டேன் ஜெமிமா. இந்த ஒரு தடவை என்னைத் திட்டாதே.

என்றும் உன் அண்ணி,
டமாரிஸ்